செத்த இரு தாயி, சீலை மாத்திக்கிட்டு வர்றேன்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல் கடற்கரையோடு நிற்கவில்லை. உள்ளே புகுந்து புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியையே புரட்டிப் போட்டுவிட்டது. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. வாழை தரையோடு தரையாகிப் போனது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. ஐந்தாம் நாள் நாங்கள் பதினான்கு பேர், ஒரு குட்டியானை நிறைய அரிசி, பாய், போர்வை, மெழுகுவத்தி, கொசுவத்தி, தார்ப்பாய் என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நிவாரண வண்டிகள் எல்லாம் மெயின் ரோட்டிலும் ஊர்த்தெருவிலும் நின்று திரும்பிவிடுகின்றன, உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காலனிகளுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பக்கம் முகாமிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கூட சாதி பார்த்ததை மறந்தவர்கள் இல்லையே நாம்.

புயலைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. திரும்பி வந்து நாங்கள் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுதணும். எடுத்த படங்களை அடுக்கி ஒரு ஸ்லைடு ஷோ போட்டோம். அடுக்கியவள் நான்.

பதினான்கு பேர் செல்போனிலிருந்தும் வாட்ஸப்பில் வந்து விழுந்த படங்கள் நானூறுக்கு மேலே. ஒரு தோழர் வீட்டில் ராத்திரி முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து 46 படங்களைப் பொறுக்கினேன். அடுக்கும்போது ஒரு வரிசை தானாகவே வந்துவிட்டது. முதலில் விழுந்த மரம். அப்புறம் கூரை போன வீடு. அப்புறம் அழுத முகம். அப்புறம் எங்கள் வண்டி. அப்புறம் நீட்டிய கை, கொடுக்கிற கை. கடைசியில் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு பேனரைப் பிடித்து நாங்கள் நிற்கிற குரூப் போட்டோ. இப்படி அடுக்கு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எம்.ஏ. தமிழில் தலபுராணங்களை விழுந்து விழுந்து படித்த புத்தியோ என்னவோ. பக்தனுக்குத் துன்பம் வருகிறது, பக்தன் கூப்பிடுகிறான், தெய்வம் பிரசன்னமாகிறது. தெய்வம் நிற்க வேண்டிய இடத்தில் நாங்கள் பனியனோடு நின்றோம்.

அந்த 46இல் பதினெட்டாவது படம் ஒரு கிழவி.

ஆலங்குடி வட்டத்தில் ஒரு காலனி. ஊர்ப் பேர் வேண்டாம். அந்தம்மா வீட்டுக் கூரையில் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. வாசலில் நனைந்த பாயைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தது. நான் போனைத் தூக்கினேன். ‘ஆத்தா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?’ என்று கேட்டேன். கேட்காமல் எடுக்கக்கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னது: ‘செத்த இரு தாயி, சீலை மாத்திக்கிட்டு வர்றேன். பெட்டிக்குள்ள காஞ்ச சீலை ஒண்ணு இருக்கு.’

நான் சொன்னேன்: ‘வேணாம் ஆத்தா. இப்படியே இருங்க. இதான் நல்லாருக்கு.’

இதான் நல்லாருக்கு. இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட கிழிந்த சீலை, கலைந்த தலை, பின்னால் வானம் தெரிகிற கூரை. யாருக்கு நல்லாருக்கு? படத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கப்போகிறவர்களுக்கு நல்லாருக்கு. அந்தம்மா ஒன்றும் பேசவில்லை. அரிசிப் பை என் காலடியில் இருந்தது. அப்படியே நின்று கொடுத்தது. படத்துக்குக் கீழே நான் எழுதிய வரி: ‘எல்லாவற்றையும் இழந்து நிற்கும் மூதாட்டி’. ஊர்ப் பேரும் போட்டு, பக்கத்திலேயே ‘ஆதிதிராவிடர் காலனி’ என்றும் போட்டேன். சேரிக்கு நிவாரணம் வரவில்லை என்பதை மறைக்கக்கூடாதென்று அரசியல் உணர்வோடு போட்டதுதான். ஆனால் எல்லாவற்றையும் இழந்து என்று எழுதியது பச்சைப் பொய். பெட்டியில் காய்ந்த சீலை இருப்பதை அந்த வாயாலேயே கேட்டவள் நான்.

டிசம்பரில் புதுக்கோட்டை டவுனில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். புல்லாங்குழல் இசை வேறு சேர்த்திருந்தோம். ஆசிரியர்கள், வக்கீல்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். பதினெட்டாவது படம் வந்தபோது உச்சுக்கொட்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு மட்டும் உண்டியலில் 42,000 ரூபாய் விழுந்தது. அந்தப் பணத்தில் தார்ப்பாய் வாங்கி மழைக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தோம். இதையும் சொல்லத்தான் வேண்டும். பொய்யும் சொன்னோம், அந்தப் பொய்யால் பல வீடுகளுக்குள் தண்ணீர் ஒழுகாமலும் இருந்தது.

கூட்டம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். டவுனில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை. விடுதித் தோழிகளோடு வந்திருக்கிறாள். ‘அக்கா, அது எங்க அப்பாயி’ என்றாள். நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு ஏதோ பேச வாயெடுத்தேன். அவள் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ‘எங்க அப்பாயிட்ட நாலு நல்ல சீலை இருக்குக்கா. போன பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்தது ஒண்ணு. நானே தொவச்சு மடிச்சு வச்சிட்டு வந்தேன்.’ கொஞ்ச நேரம் கழித்து, ‘என் ரூம்ல யாருக்கும் நான் எந்தத் தெருன்னு தெரியாதுக்கா. ஊர்ப் பேரு மட்டுந்தான் தெரியும். இப்பத் தெரிஞ்சிருச்சு’ என்றாள். அழவில்லை. தோழிகள் வாசலில் காத்திருந்தார்கள், போய்விட்டாள்.

சாதியை மறைக்கக்கூடாது, தைரியமாகச் சொல்லணும் என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன். இப்பவும் அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சொல்லுகிற நேரத்தையும் இடத்தையும் சொல்லுகிற ஆள்தானே தீர்மானிக்கணும்? பத்தொன்பது வயதுப் பிள்ளைக்காக அந்த முடிவை நான் எடுத்துவிட்டேன், அதுவும் அவளுக்கே தெரியாமல், புல்லாங்குழல் பின்னணியில்.

‘கேட்டுத்தானே எடுத்தீங்க?’ என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். கேட்டேன்தான். அரிசிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். ‘முடியாது’ என்று சொன்னால் அரிசி கிடைக்குமா கிடைக்காதா என்று அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? கேட்ட எனக்குத் தெரியும், படத்துக்கும் அரிசிக்கும் சம்பந்தமில்லை என்று. வாங்குகிறவர்களுக்குத் தெரியாதே. பண்ணையார் களத்துமேட்டில் ‘என்ன, கூலி சரிதானே?’ என்று கேட்டபோதும் நம் தாத்தன் தலையாட்டினான். அதற்குப் பேர் சம்மதமா? கேட்கிறவன் கையில் ஒரு பொருள் இருக்கும்வரை, எதிரில் நிற்பவர் சொல்லுகிற ‘சரி’யை முழுசாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன். ஒன்று, பொருளைக் கொடுத்து முடித்துவிட்டு இன்னொரு நாள் வெறுங்கையோடு போய்க் கேட்கணும். இல்லையென்றால் எடுக்காமல் வரணும். எங்களுக்கு இன்னொரு நாள் போக நேரமில்லை. புயல் சூடு ஆறுவதற்குள் படம் வேண்டியிருந்தது.

இதில் எனக்கு ரொம்ப உறுத்தியது வேறு. நானும் சேரிக்காரிதான். கேமரா ஆதிக்க சாதிக்காரன் கையில் இருந்தால்தான் தப்பு, நம்ம கையில் இருந்தால் நம்ம கண்ணு, நம்ம பார்வை என்று எழுதியிருக்கிறேன், இந்த மாதிரிப் பத்திரிகைகளிலேயே. அன்றைக்கு அந்தம்மாவை ‘இப்படியே இருங்க’ என்று நிறுத்தியது யார் பார்வை?

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். நிலமில்லாத கூலிச் சனங்கள்தான் முதலில் செத்தது. அப்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்கிற ஆங்கிலேயர், மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி, பஞ்சத்தில் எலும்பும் தோலுமானவர்களைக் கூட்டம் கூட்டமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றைக்கும் பஞ்சத்தைப் பற்றிய புத்தகங்களில் வருகின்றன. பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கிற மாதிரி உயரம் பார்த்து வரிசை வைத்திருக்கும். யாருக்கும் பேர் கிடையாது. இதே ஆள் 1886இல் பர்மாவில் மாண்டலேயில் மரண தண்டனைக் கைதிகளைச் சுடுகிற அந்தக் கணத்தைப் படம் பிடிக்கப் பார்த்தார் என்று பிரிட்டனில் பெரிய கண்டனம் எழுந்தது. அவரைக் கொடியவர் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் எலும்பு நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார் என்று அவர் சொல்லியிருந்தால், அதற்கும் என்னுடைய ‘இதான் நல்லாருக்கு’க்கும் எத்தனை அடி தூரம்?

இன்னொரு படமும் இருக்கிறது. பெல்ஜியத்து மன்னன் லியோபோல்டின் சொந்தச் சொத்தாகக் காங்கோ இருந்த காலம். ரப்பர் கணக்குக் குறைந்தால் ஆட்களைக் கொன்றார்கள், கையை வெட்டினார்கள். 1904இல் நசாலா என்ற மனிதர், கொல்லப்பட்ட தன் சின்ன மகளின் வெட்டுண்ட கையையும் பாதத்தையும் இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு மிஷனரிகள் இருந்த இடத்துக்கு வந்தார். அங்கே இருந்த ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற பெண் அதைப் படம் எடுத்தார். தாழ்வாரத்து ஓரத்தில் உட்கார்ந்து மகளின் கையையும் பாதத்தையும் அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்து மாய விளக்கு, அதாவது நம் ஸ்லைடு ஷோவுக்குப் பாட்டன், அதில் போட்டு ஹாரிஸ் தம்பதி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகக் காட்டினார்கள். 1908இல் காங்கோ லியோபோல்டின் கையைவிட்டுப் போனதற்கு அந்தக் கூட்டங்களும் ஒரு காரணம்.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நாலைந்து வருஷமாக யோசிக்கிறேன். ஹூப்பருக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எந்தப் புகாரையும் கொண்டுவரவில்லை, உட்கார வைக்கப்பட்டார்கள். நசாலா நடந்து வந்தார். கையில் ஆதாரத்தோடு வந்தார். இவர் செத்தார், இவர்கள் கொன்றார்கள் என்று சொல்ல வந்தார். அந்தப் படம் அவருடைய வாக்குமூலம். என் பதினெட்டாவது படமோ அந்தக் கிழவியின் கைநாட்டு இல்லாமல் அந்தம்மா பேரில் நான் எழுதிப் போட்ட மனு. அதில் யார் மேலேயும் புகார் இல்லை. வண்டி ஏன் காலனிக்கு வரவில்லை என்ற கேள்வி இல்லை. கொஞ்சம் இரக்கப்படுங்க சாமி என்பதுதான் அதன் மொத்த வாசகம். எந்தச் சொல்லை நம் சனங்கள் வாயிலிருந்து பிடுங்கி எறியணும் என்று இத்தனை வருஷம் பாடுபட்டோமோ, அதையே படமாக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு தோழர் இதைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். ‘படம் இல்லேன்னா எவன் நம்புறான்? நீங்க மானம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா அவனுக்கு வசதியாப் போச்சு’ என்றார். நியாயம்தான். 2022 டிசம்பர் 26இல் இதே மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்தது. மக்கள் மேலே ஏறிப் பார்த்தார்கள், காட்டினார்கள். காட்டாமல் இருந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? மறுநாள் கலெக்டரும் எஸ்.பி.யும் வந்தபோதுதான் பக்கத்து இறையூர் டீக்கடையின் இரட்டைக் குவளையும், அய்யனார் கோயிலுக்குள் தலித்துகளை விடாததும் உலகத்துக்குத் தெரிந்தன. ஆகவே காட்டாதே என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அங்கே நடந்த மிச்சக் கதையையும் பார்க்கணும். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே தலித் மக்களில் மூன்று பேரைக் குற்றவாளிகளாகச் சொன்னது. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் ஏற்க முடியாது என்றார்கள், சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். அந்த நாட்களில் அவர்கள் செல்போன்களிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட படங்களும் பேச்சுகளும் சேனல் சேனலாக ஓடின. நம் கையால் எடுத்த படம்கூட, கையை விட்டுப் போனால் யார் எந்த வரிசையில் அடுக்குகிறார்களோ அவர்கள் சொல்லுகிற கதையைத்தான் சொல்லும்.

என் அம்மாவிடம் ஒரே ஒரு பழைய போட்டோ இருக்கிறது. கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர். அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகினார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை டவுனைச் சைக்கிளில் சுற்றிவந்ததை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அம்மாவும் ஒருத்தி. அப்புறம் ஒருநாள் ஸ்டூடியோவுக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், தலைக்குக் கனகாம்பரம் வைத்து, காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம் அது. குவாரியில் புழுதியோடு அம்மா நிற்கிற படம் எங்கள் வீட்டில் இல்லை. வேறு எங்காவது, ஏதாவது ஆபீஸ் அறிக்கையில் இருக்கக்கூடும். சேரி முகப்பில் அம்பேத்கர் ஏன் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்று வெளியே இருப்பவர்கள் கிண்டலாகக் கேட்பதுண்டு. நம் வீட்டுப் பெண்களுக்கு அது சொல்லாமலே தெரியும். பெட்டியில் இருக்கிற சீலையைக் கட்டிக்கொண்டு நிற்பது வேஷம் என்று நினைத்த முட்டாள், எம்.ஏ. படித்த நான் ஒருத்திதான்.

2019 பொங்கல் கழிந்து, புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு அந்தக் காலனிக்குப் போனேன். இந்தத் தடவை அரிசி கிடையாது. கரண்டு வந்திருந்தது. சாவடிச் சுவரில் ஒரு வேட்டியைக் கட்டி 46 படத்தையும் போட்டேன். புல்லாங்குழலை நிறுத்திவிட்டேன்.

முதல் ஐந்து நிமிஷம் ஒரே சிரிப்பு. ‘ஏய், உங்க வீட்டு ஆட்டுக்குட்டி’, ‘இவன் மூஞ்சியப் பாரு’. அப்புறம் சத்தம் குறைந்தது. கையேந்துகிற படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது யாரும் பேசவில்லை. முடிந்ததும் ஒரு அண்ணன் எழுந்தார். ‘நாங்க மரம் வெட்டுன படம் எங்க தாயி?’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். புயலடித்த மறுநாள் விடிந்ததிலிருந்து காலனி ஆம்பளைகள் முப்பது பேர் அரிவாளும் கோடாலியும் எடுத்துக்கொண்டு போய் ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி வழிவிட்டிருக்கிறார்கள். மூன்று நாள். யாரும் கூலி கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. ‘நாங்க வெட்டலேன்னா ஒங்க வண்டி உள்ளயே வந்திருக்காதுல்ல’ என்றார். எங்கள் குட்டியானை அந்த வழியாகத்தான் வந்தது. இரண்டு பக்கமும் வெட்டிப் போட்ட மரத்துண்டுகள் எங்கள் முதல் படத்திலேயே தெரிகின்றன. ‘புயலின் கோரம்’ என்று அதற்குத் தலைப்பு வைத்திருந்தேன். அரிவாள் வெட்டு அதில் தெளிவாக இருக்கிறது. என் கண்ணுக்குத்தான் படவில்லை.

இன்னொருத்தர் சேர்த்துக்கொண்டார்: ‘பட்டா இருக்குறவனுக்கு மரத்துக்கு இம்புட்டுன்னு நெவாரணம். அந்த மரத்துல ஏறி ஏறிக் காய் வெட்டுனவனுக்கு என்ன? மரத்தோட அவன் பொழப்பும்தான் சாஞ்சு கெடக்கு. அதப் போட்டோ எடுத்தியளா?’ விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு 600 ரூபாயும் அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்திருந்தது. முழுதாகப் போன குடிசைக்கு 10,000. மரமேறிக்கும் காய் உரிக்கிறவருக்கும் கீற்று முடைகிற பெண்களுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. போன வேலையைப் படம் எடுக்க முடியாதே என்று நான் இழுத்தேன். ‘வேல இல்லாம சாவடியில உக்காந்திருக்கோம்ல, இத எடு’ என்றார் அவர். எடுத்தேன். அவர்களே வரிசையாக, நேராகக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு 46இல் 35ஐ நீக்கச் சொன்னார்கள். குரூப் போட்டோவை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், பாவம், ஆசையா எடுத்திருக்கீக என்று. கிழவி தன் படம் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கிளம்பும்போது பச்சைக் கரை போட்ட சீலையும் நெற்றியில் திருநீறுமாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ‘இப்ப எடு’ என்றது.

புது ஸ்லைடு ஷோவைப் பிறகு மூன்று இடங்களில் காட்டினேன். வழி வெட்டிய கதையை அந்த அண்ணனே ஒரு தடவை வந்து பேசினார். பணம் முன்பு மாதிரி விழவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஓரிடத்தில் 3,000 சொச்சம்தான் தேறியது. பச்சைக் கரைச் சீலைப் படம் வந்தபோது ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ‘இவங்களுக்கு என்ன கொறச்சல்?’ என்று கேட்டது என் காதில் விழுந்தது. மானத்தோடு இருப்பவர்களுக்கு உதவ மனசு வராத சமூகத்தில், உதவி வேண்டுமென்றால் மானத்தை விற்றுத்தான் ஆகணுமா? விற்பது நம் மானம் என்றால்கூடப் பரவாயில்லை, நாமே முடிவு பண்ணிக்கொள்ளலாம். அந்தம்மாவின் மானத்தை விற்க எனக்கு யார் பட்டா கொடுத்தது? அந்தத் தார்ப்பாய்களை நினைக்கும்போது இந்தக் கேள்வி எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பழைய படத்தை நான் அழித்துவிட்டேன். ஆனால் பதினான்கு போன்களில் இருந்த படம் அது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெருவெள்ளம் வந்தபோது, அந்தப் பேத்தி, இப்போது வேலைக்குப் போகிறாள், எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஈரச் சீலையில் அவள் அப்பாயி. மேலே ‘வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த தாமிரபரணிக் கரைத் தாய்க்கு உதவுங்கள்’ என்று எழுதி ஒரு வங்கிக் கணக்கு எண். ‘அக்கா, அப்பாயி திருநெல்வேலிக்கும் போயிருச்சு’ என்று கீழே எழுதியிருந்தாள்.

அதைப் பரப்பியவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ‘நல்ல காரியத்துக்குத்தானே மேடம்?’ என்றார். பேத்தி அப்பாயிடம் படத்தைக் காட்டியிருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அந்தம்மா கேட்டதாம்: ‘இதப் போட்டு அங்க யாருக்காச்சும் அரிசி கெடச்சுச்சாமா?’

கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்லி அனுப்பினேன்.